கிருமியை மட்டும் கொல்வது எப்படி?

மருந்துக் கடைகளில் ‘சிக்ஸ் ட்வென்டி ஃபைவ்’ என்று எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்கப்படும் மாத்திரை ஒன்று உண்டு. அதன் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். இவற்றில் கிருமியைக் கொல்வது முதலாவதுதான். இரண்டாவதைத் தனியே கொடுத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒன்றும் ஆகாது. கொல்லாத ஒரு பொருளுக்கு மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கு ஏன் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இம்மருந்துகள் கிருமியின் எந்தப் பகுதியைப் பற்றிக்கொண்டு வேலை செய்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொல்வது கடினமன்று. பிளீச்சிங் பவுடர் கரைசல் ஏறக்குறைய எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும். நம் திசுக்களையும் சேர்த்தே கொல்லும் என்பதுதான் சிக்கல். கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றையோ, இரு தரப்பிலும் இருந்தாலும் அமைப்பில் வேறுபடும் ஒன்றையோ தேடிப் பிடித்து, அதை மட்டும் முடக்குகிற பொருளே மருந்தாக முடியும். ஆகவே, மருந்து வகைகளின் பட்டியல் என்பது நமக்கும் கிருமிகளுக்கும் இடையே இதுவரை கண்டறியப்பட்டுள்ள வேறுபாடுகளின் பட்டியல்தான்.

அவற்றுள் மிகத் தெளிவானது செல் சுவர். பாக்டீரியாவின் உட்பகுதி உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அடர்ந்த கரைசலாக இருப்பதால், வெளியிலுள்ள நீர் ஓயாமல் உள்ளே புகுந்து அதை உப்பவைக்கிறது. டயருக்குள் இருக்கும் வரை சைக்கிள் டியூப் காற்றழுத்தத்தைத் தாங்குவதுபோல, செல்லின் மெல்லிய சவ்வு அந்த அழுத்தத்தைத் தாங்குவது வெளியிலிருக்கும் சுவரின் துணையால்தான். பெப்டிடோகிளைக்கன் என்னும் அந்தச் சுவர், நீளவாட்டில் ஓடும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பாவாகவும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் குட்டையான அமினோ அமில இழைகளை ஊடையாகவும் கொண்ட நெசவு. நம் உடலில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. குறுக்கிழைகளை முடிச்சிடும் நொதி, இழையின் நுனியிலுள்ள இரண்டு அலனின் மூலக்கூறுகளை அடையாளம் கண்டு பற்றுகிறது. அமாக்சிசிலினின் மூத்த உறவான பெனிசிலினின் வடிவம் அந்த நுனியை ஒத்திருப்பதால், நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொண்டு, பிறகு விடுவிக்க முடியாமல் செயலிழக்கிறது. வளரும் பாக்டீரியா இடம் தேடித் தன் சுவரை ஆங்காங்கே வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டு நடக்கிறது, முடிச்சு விழவில்லை என்றால் செல் உடைந்து சிதறும். வளராமல் முடங்கிக் கிடக்கும் பாக்டீரியாவை பெனிசிலின் அவ்வளவாகத் தொடாததும், சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா உண்டாக்கும் நிமோனியாவில் அது சற்றும் பயன்படாததும் இதனால்தான்.

லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கவனித்தது 1928-இல். ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது 1941-இல். ஆனால், அதை உடைக்கும் நொதி பாக்டீரியாவிடம் இருக்கிறது என்பதை அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1940-லேயே வெளியிட்டுவிட்டார்கள். மருந்து நோயாளியை அடையும் முன்பே அதை முறியடிக்கும் வழி தயாராக இருந்தது என்பதில் வியப்பில்லை. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண்ணில் வெகுகாலமாக நடத்திவரும் சண்டையில் நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். பெனிசிலினின் உயிர்நாடி பீட்டா-லாக்டம் என்ற நான்கு அணு வளையம். பீட்டா-லாக்டமேஸ் நொதி அதை அறுத்துவிடுகிறது. கிளாவுலானிக் அமிலத்திலும் அதே வளையம் உண்டு. நொதி இதை அறுக்க வந்து, அறுத்ததோடு தானும் ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போக, அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் சுவரைச் சென்றடைகிறது. 125 மில்லிகிராமின் வேலை தூண்டிலில் இரையாக மாட்டிக்கொள்வது மட்டுமே. பெனிசிலின் வகை மருந்தான மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள், மருந்தை உடைக்காமல் முடிச்சிடும் நொதியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டன. அங்கே இந்தத் தூண்டில் உதவாது.

அடுத்த வேறுபாடு நுட்பமானது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் நம்மிடமும் உண்டு, பாக்டீரியாவிடமும் உண்டு. ஆனால் அதனுடையது சற்றுச் சிறியது, வளைவுகளும் பள்ளங்களும் வேறு. டெட்ராசைக்ளின், அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. வந்து அமரும் இடத்தை மறிக்கிறது. அசித்ரோமைசின், பின்னப்பட்ட புரதம் வெளியேறும் சுரங்கப்பாதையை அடைக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் செய்தியைத் தப்பாக வாசிக்க வைப்பதால், உருப்படாத புரதங்கள் குவிந்து செல் சாகிறது. இந்த வகையில் ஒரு பழைய உறவு நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் ரைபோசோம் இன்றும் அந்தச் சாயலில்தான் இருக்கிறது. மைட்டோகாண்டிரியாவின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியவர்களுக்கு ஜென்டாமைசின் வகை ஊசிகள் மிக எளிதில் காது கேளாமையை உண்டாக்குவதும், ரைபோசோமை முடக்கும் இன்னொரு மருந்தான லினசோலிட் பல வாரங்கள் தொடர்ந்தால் ரத்த அணுக்கள் குறையக்கூடுவதும் அந்தச் சாயலுக்கு நாம் தரும் விலை.

சல்ஃபா மருந்துகள் பிடித்துக்கொண்ட வேறுபாடு உணவு சார்ந்தது. நாம் ஃபோலேட் என்னும் வைட்டமினைக் கீரையிலும் பயறுகளிலும் இருந்து பெறுகிறோம். பல பாக்டீரியாக்கள் அதைத் தாமே தயாரித்தாக வேண்டும், அந்தத் தயாரிப்பின் ஒரு படியை சல்ஃபா மறிக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசினின் இலக்கு வேறு: ஈ-கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அது சுருண்டு கிடப்பதோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு நீளமுள்ள செல்லுக்குள். நகலெடுக்கும்போது முறுக்கேறாமல் இருக்க, இழையை வெட்டி, முறுக்கை விடுவித்து, மீண்டும் ஒட்டும் நொதியை, வெட்டிய நிலையிலேயே இந்த மருந்து உறைய வைத்துவிடுகிறது.

இத்தனை இலக்குகள் இருப்பதன் பயன் காசநோயில்தான் முழுமையாகத் தெரிகிறது. நுரையீரலில் காசநோய் அரித்த ஒரு குழியில் பத்துக் கோடி அளவில் கிருமிகள் இருக்கக்கூடும். ஐசோனியசிட்டுக்குக் கட்டுப்படாத கிருமி தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்குப் பத்துக் கோடியில் ஒன்று. ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பும் நூறு கிருமிகள் ஏற்கெனவே அங்கே இருக்கும், அவை பெருகும். மெழுகுச் சுவரைக் குலைக்கும் ஐசோனியசிட்டையும் ஆர்.என்.ஏ. படியெடுப்பை நிறுத்தும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்பும் கிருமிக்கான வாய்ப்பு நூறு லட்சம் கோடியில் ஒன்றாகச் சுருங்குகிறது. இந்தக் கணக்கில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ரயில் நிலையத்தின் பெயராக இன்றும் நிற்கும் தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுத்திருப்பதே சிகிச்சையாக இருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நெரிசலான வீடுகளிலேயே இருந்துகொண்டு இரு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டவர்களும் அதே மருந்துகளுடன் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்ததை 1959-இல் காட்டியது. ஓய்வும் நல்ல காற்றும் செய்ததாக நம்பப்பட்ட வேலையை மாத்திரைகளே செய்துகொண்டிருந்தன.

பூஞ்சைக்கு வரும்போது வேறுபாடுகள் அருகிவிடுகின்றன. செல் அமைப்பில் அது பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய உறவு. நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையிடம் எர்கோஸ்டிரால் இருப்பது முக்கியமான ஒரு பிடி. படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல் எர்கோஸ்டிராலின் தயாரிப்பைத் தடுக்கிறது. ஆம்ஃபோடெரிசின்-பி எர்கோஸ்டிராலையே பற்றிச் சவ்வைக் குலைக்கிறது. இரண்டு கொழுப்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், பின்னது நம் சிறுநீரகச் செல்களையும் விட்டுவைப்பதில்லை. கருப்புப் பூஞ்சை பரவிய 2021-இல் பலரும் தேடி அலைந்த ஊசி, அந்தத் தீங்கைக் குறைப்பதற்காக இதே மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த வடிவம்.

வைரஸிடம் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. நம் செல்லின் கருவிகளை வைத்தே அது தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதனிடம் சொந்தமாக இருப்பவை சில நொதிகளே என்பதால், ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தனியே மருந்து தேட வேண்டியிருக்கிறது. அக்கி, சின்னம்மை வைரஸ்களுக்கான அசைக்ளோவிர் இதில் அழகான ஒன்று: விழுங்கும்போது அது செயலற்ற பொருள், வைரஸின் சொந்த நொதி அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிய பிறகுதான் விழித்துக்கொண்டு, வளரும் டி.என்.ஏ. இழையில் நுழைந்து அதை அங்கேயே முடித்துவைக்கிறது. வைரஸ் புகாத செல்லில் அது ஏறக்குறைய உறங்கியே கிடக்கும். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸுக்கு இப்படியொரு மருந்து புழக்கத்தில் இல்லை. அதற்காக மூன்று நாள் விழுங்கப்படும் அசித்ரோமைசின், தான் அடைக்க வேண்டிய சுரங்கப்பாதையை வைரஸிடம் காண முடியாமல், குடலில் தம் பாட்டில் வாழும் பாக்டீரியாக்களிடம் போய் அதைக் கண்டுகொள்கிறது.