கடல் வந்து சூழ்ந்த குன்று

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. விவேகானந்தர் பாறைக்கு முதல் படகிலேயே போய்விட்டால் கூட்டம் வருவதற்குள் அமைதியாகக் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று சித்தியும் நானும் விடியலிலேயே கன்னியாகுமரி படகுத்துறைக்கு வந்துவிட்டோம். எட்டு மணி ஆயிற்று, எட்டரையும் ஆயிற்று. காற்றில்லை, பெரிய அலையுமில்லை, ஆனாலும் படகு கிளம்பவில்லை. “ஏன் அண்ணே?” என்று கேட்டேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் சொன்னார்: “தண்ணி வத்திக் கிடக்கு மக்களே. இப்ப எடுத்தா அடி தட்டும். கொஞ்சம் ஏறட்டும்.”

அந்தப் பாறை எப்படிக் கடலுக்குள் வந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். சூரியனின் இழுப்பும் நிலவின் இழுப்பும் சேர்ந்துகொள்ள, கடல் ஏறும்போது கூடுதலாக ஏறும், வற்றும்போது கூடுதலாக வற்றும். அப்படியும் குமரிக் கரையில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அதற்கே படகு தட்டும் என்றால் இங்கே எவ்வளவு ஆழம் இருந்துவிடப் போகிறது?

இப்போது ஒரு மீட்டருக்குப் பதில் 120 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட அவ்வளவு தாழ்ந்திருந்தது. அந்த நீரில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளமாக நிலத்தின்மேல் கிடந்தது. இன்று நாம் படகில் கடக்கும் அரை கிலோமீட்டரை அன்றைக்கு நடந்தே போயிருக்கலாம். விவேகானந்தர் பாறையும் பக்கத்தில் வள்ளுவர் சிலை நிற்கும் பாறையும் அப்போது வெறும் தரைக்குன்றுகள். பனி உருக உருகக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. கடல்தான் பாறையைத் தேடி வந்திருக்கிறது.

ஒன்பதரைக்குப் படகு எடுத்தார்கள். பாறையில் இறங்கி வடமேற்கே திரும்பினால் மருந்துவாழ் மலை தெரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி என்று அதைச் சொல்வோம். என் கண்ணுக்கு இந்தப் பாறைதான் அதன் கடைசிப் படி.

இந்தப் பகுதிக் கருங்கல்லுக்குப் புவியியலாளர்கள் சார்னோகைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருப்பது இதே வகைக் கல், பெயர் அங்கிருந்து வந்தது. வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பாக இருக்கும். புதிதாக உடைத்த முகமோ எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மினுங்கும், நடுநடுவே கார்னெட் என்ற கனிமத்தின் மணிகள் சிவந்து நிற்கும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது, பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், 800 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெந்த கல் இது. மேலிருந்த பாறையெல்லாம் கரைந்து போனதால்தான் நம் காலடிக்கு வந்திருக்கிறது.

மேலிருந்த பாரம் குறையக் குறையக் கல் விரிந்து வெடிப்பு விடும். வெடிப்பு நெருக்கமாக உள்ள இடத்தில் மழைநீர் இறங்கும், பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறும், கல் உதிரும். வெடிப்பு குறைந்த இடம் திரண்ட குன்றாக நிற்கும். மிச்சத்தை அலை பார்த்துக்கொள்கிறது. இரண்டு பாறைகளையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தின் ஓரத்தில் நின்று காதைக் கொடுங்கள். அலை இடுக்கில் புகும்போது ‘தொம்’ என்று ஒரு சத்தம். உள்ளே அடைபட்ட காற்று நசுங்கி, அலை விலகியதும் விரிகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்தக் காற்று ஆப்பு வைத்ததுபோல் வெடிப்பை நெம்பிக்கொண்டே இருக்கிறது.

உதிர்ந்த கல் எங்கே போனது? மாலையில் கரையில் சித்தி ஒரு கை மணலை அள்ளிக் காட்டினார். வெள்ளை, சிவப்பு, கருப்பு. வெள்ளை குவார்ட்ஸ், அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. சிவப்பு கார்னெட், சுமார் 4 மடங்கு. கருப்பு இல்மனைட், அது இன்னும் கனம். ஏறிவரும் அலை எல்லாவற்றையும் கொண்டுவந்து போடுகிறது, வலுக்குறைந்து திரும்பும் நீரால் லேசானதை மட்டுமே இழுத்துப்போக முடிகிறது. முறத்தில் புடைத்தால் கனத்த மணி தங்கிப் பதர் பறக்கிற கதைதான். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனத்த கனிமம் சேர்ந்து கிடப்பதும் இப்படிப் புடைத்த புடைப்பில்தான்.

சித்தி உள்ளங்கையைச் சாய்த்தார். வெள்ளை மணல் வழிந்து விழுந்தது. காலையில் பாறையில் பார்த்த அதே சிவப்பு, ரேகைகளுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது.