‘மினிமம் டியூ கட்டிட்டேன் மேடம்!’

ஜூலை மாதம் ஆடிட்டர் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் நலம் விசாரிக்கக்கூட வர மாட்டார்கள். அப்படி ஒரு ஜூலையில், ரிட்டர்ன் தாக்கல் செய்ய வந்த ஒரு இளம் தம்பதி என் மேஜைக்கு எதிரே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். ரிட்டர்ன் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்கக் கடன் கதை. அந்த மாதத்தில் இது நான்காவது ஜோடி. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் எரிச்சலோடு. (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தொகைகளில் கை வைக்கவில்லை.)

கோவை சரவணம்பட்டிப் பக்கம் வீடு. அவனுக்கு ஐடி கம்பெனியில் கைக்கு வருவது 48,000. அவள் தனியார் பள்ளி ஆசிரியை, 22,000. கல்யாணமாகி இரண்டு வருடம். எழுபதாயிரம் வருகிறதே, அப்புறம் ஏன் பன்னிரண்டாம் தேதியே கை காலியாகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. ஒரு நோட்டை அவள் முன்னால் தள்ளி, “கண்ணு, மாசம் எது எதுக்குப் போகுதுன்னு எழுது” என்றேன்.

வாடகை 14,000. பைக் தவணை 4,200. கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன், மூன்று லட்சம், 16 சதவீதம், மூன்று வருடம்: மாதம் 10,547. செல்போன் தவணை 4,000. அவன் அப்பா அம்மாவுக்கு 8,000. நகைச்சீட்டு 5,000. கிரெடிட் கார்டு 9,000.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். அவன் வைக்கவில்லை. அதாவது, கையிலிருந்த செல்போனை. திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டே இருந்தான். இந்த உருட்டலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “தம்பி, உன் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துடலாமா?” என்றேன். நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும். ஐந்து நிமிட வேலை. எடுத்தோம். ஆப்பில் வாங்கிய கடன் ஒன்று அதில் நின்றது. பாக்கி 22,000, மாதம் 6,000 தவணை.

“இத எனக்குச் சொல்லவே இல்லீங்க மேடம்” என்று அவள் என்னிடம் சொன்னாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் டீ வரவழைத்தேன்.

கூட்டினால் 60,747. மிச்சம் 9,253. இதில்தான் மளிகை, பெட்ரோல், கேஸ், கரண்ட், மருந்து எல்லாம். முடியுமா? முடியாது. அதனால் பன்னிரண்டாம் தேதிக்குமேல் எல்லாம் கார்டில் ஓடியது, மாதம் சராசரி 11,000.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

“கார்டுல பிரச்சினை இல்லீங்க மேடம். மாசா மாசம் கரெக்டா மினிமம் டியூ கட்டிட்டு வர்றேன்” என்றான் அந்தத் தம்பி, பெருமையாக. இந்த வாக்கியத்தை என்னிடம் சொல்லாத கடனாளியே கிடையாது. படித்தவர்கள், கணக்கு வாத்தியார்கள், ஏன், ஒரு வங்கி ஊழியர்கூடச் சொல்லியிருக்கிறார். அதனால் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவன் கார்டு பாக்கி 1,80,000. மினிமம் டியூ என்பது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, அதில் 5 சதவீதம், 9,000. கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம். வருடத்துக்கு இல்லை, மாதத்துக்கு. வருடக் கணக்கில் 42. ஒரு மாத வட்டி 6,300. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,134. ஆக 7,434 ரூபாய் வட்டியிலும் வரியிலும் போய்விட்டது. 9,000 கட்டியதில் கடன் குறைந்தது 1,566 ரூபாய். அதே மாதம் கார்டில் 11,000 தேய்த்தாயிற்று. அப்படியென்றால் ஒன்பதாயிரம் கட்டி முடித்த கையோடு கடன் 9,434 ரூபாய் ஏறியிருக்கிறது. அந்தப் புதுச் செலவுக்கான வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதுதான் அடுத்த விஷயம். கார்டு வாங்கும்போது ‘ஐம்பது நாள் வட்டி கிடையாது’ என்று சொல்லியிருப்பார்கள். போன பில்லை முழுசாகக் கட்டியவருக்குத்தான் அந்தச் சலுகை. பாக்கி வைத்த அன்றைக்கே அது போச்சு. அதற்குப் பிறகு தேய்ப்பது எதுவானாலும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி. இப்போது ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துவிட்டு பேக்கரியில் ஸ்கேன் செய்கிறார்கள். டீ, பப்ஸ், நாற்பது ரூபாய். அந்த பப்ஸுக்கு 42 சதவீத வட்டி ஓடுகிறது என்று யாருக்கும் உறைப்பதில்லை.

“ஆனா மேடம், என் சிபில் ஸ்கோர் 760 இருக்கே?” இருக்கும் தம்பி. மினிமம் கட்டினால் தவணை தவறவில்லை என்றுதான் பதிவாகும். கடன் கொடுத்தவனுக்கு ஒழுங்காகக் கட்டுகிறாய் என்பதற்குக் கடன் தகவல் நிறுவனம் போடும் மார்க் அது. உன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று அது பார்க்காது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று கார்டு பில்லிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யார் படிக்கிறார்கள்? பில் என்றால் இவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் இரண்டு எண். அதில் சின்ன எண்ணைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பற்றித் தனியாகத் திட்ட வேண்டும், இடமில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. செயலாக்கக் கட்டணம் (பிராசஸிங் ஃபீ), ஜிஎஸ்டி, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி என்று எங்கேயாவது ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள்.

சரி, என்ன செய்தோம்?

42 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு நகைச்சீட்டு கட்டுவது, ஓட்டைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு குடம் வாங்கப் போவதுபோல. ஆனால் அந்தச் சீட்டில் ஏழு மாதம் கட்டியாகிவிட்டது. கடையில் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், நகையாகத்தான். இன்னும் நாலு மாதம், முடியட்டும் என்று விட்டேன். அடுத்த சீட்டு கூடாது என்று மட்டும் நோட்டில் பெரிதாக எழுத வைத்தேன்.

பிறகு நகைக்கடன். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் வாய் வருவதில்லை. கணவன் வாங்கிய கடனுக்கு மனைவி கழுத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டேன். “நகை உன்னோடது. வேண்டாம்னா வேண்டாம். வங்கியில பேசி கார்டு பாக்கியைத் தவணையா மாத்திக்கலாம், வட்டி கொஞ்சம் கூட ஆகும், ஆனா 42-க்கு எவ்வளவோ தேவலை.” அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஆரத்தையும் இரண்டு வளையலையும் வைக்கிறேன், ஆனால் ரசீது என் பெயரில், என் பீரோவில் இருக்கும் என்றாள். நான் சொல்ல நினைத்த நிபந்தனையையே அவள் சொல்லிவிட்டாள்.

பொதுத்துறை வங்கியில் 10 சதவீதத்துக்கு 2,05,000. கார்டு பாக்கியும் ஆப் கடனும் ஒரே நாளில் முடிந்தன. வட்டி மாதம் சுமார் 1,700. வங்கியிலிருந்து வந்ததும் கார்டை இரண்டாக வெட்டி, கணக்கையே மூடச் சொல்லி எழுதிக் கொடுக்க வைத்தேன். இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்கள் ஆறு மாதத்தில் நகைக்கடனும் கார்டுக் கடனுமாக இரட்டைச் சுமையோடு திரும்பி வருவார்கள். வந்திருக்கிறார்கள்.

கார்டுக்கும் ஆப்புக்கும் போய்க்கொண்டிருந்த மாதம் 15,000 மிச்சமானது. பழைய மிச்சம் 9,253-ஐயும் சேர்த்தால் கையில் 24,253. வீட்டுச் செலவுக்கு 17,000 என்று வரையறுத்தோம். இருபதாயிரத்துக்குமேல் பழகிய கைக்கு அது கஷ்டம்தான். முதல் வாரத்திலேயே ஃபோன் வந்தது, சாப்பாட்டு ஆப்பை இரண்டு பேரும் அழிக்க வேண்டுமா, ஒருவர் அழித்தால் போதுமா என்று. இரண்டு பேரும். மீதி ஏழாயிரத்துச் சொச்சம் நகைக்கடனுக்கு. சீட்டு முடிந்ததும் அந்த ஐயாயிரமும் அதே கணக்குக்குப் போகும்.

அவன் பெற்றோருக்கு அனுப்பும் 8,000 பற்றிக் கேட்பீர்கள். அதை நான் தொடவில்லை. அதில் கை வைக்கச் சொன்ன வீடுகளில் பட்ஜெட் நோட்டு ஒரு மாதம்கூட நிலைத்ததில்லை. அது என் அனுபவம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

இனிச் சில விஷயங்கள், வேகமாக.

ஒருவருக்கொருவர் கடனை மறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம், கிரெடிட் ரிப்போர்ட் பார்க்கிறோமா? பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் கட்டணம்.

கடன் ஆப் எதையும் இறக்குமுன் அதற்குப் பின்னால் எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று பாருங்கள். பெயர் இல்லையா, தொடாதீர்கள். உங்கள் காண்டாக்ட் பட்டியலையும் போட்டோக்களையும் கேட்கும் ஆப் விதியை மீறுகிறது. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. மாமனாருக்கு ஃபோன் செய்வேன், படத்தை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால், பயந்து இன்னொரு ஆப்பில் வாங்கிக் கட்டாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். தயவுசெய்து, யாரிடமாவது சொல்லுங்கள். இந்த மிரட்டலைத் தனியாக வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

‘செட்டில்மெண்ட்’ செய்து பாதிக்குப் பாதி முடித்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம். பணம் குறையும், ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று நிற்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது மேனேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

நோட்டை எழுதுங்கள். எக்செல் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். என் அனுபவத்தில் கையால் எழுதியவர்கள்தான் தொடர்ந்து எழுதுகிறார்கள். அவளுடைய நோட்டை அக்டோபரில் பார்த்தேன். ‘பூ 20’ என்று எழுதி, அடித்திருந்தது. ஏன் என்று கேட்டேன், சேமிக்கத்தான் என்றாள். திரும்ப எழுத வைத்தேன். இருபது ரூபாய்ப் பூவை வெட்டும் பட்ஜெட் தீபாவளி வரைகூடத் தாங்காது.

போன வாரம் அந்தத் தம்பி வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். ‘வாழ்த்துகள்! உங்களுக்கு 5 லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு லோன்.’ அதன் கீழே, “டெலிட் பண்ணிட்டேன் மேடம்.”

அவளுக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.