ஆண்களின் உயரத்துக்கும் முற்றுப்புள்ளி வைப்பது ஈஸ்ட்ரோஜன்தான்

“எனக்கு 18 வயது. தினமும் கம்பியில் தொங்கினால் இன்னும் இரண்டு அங்குலம் வளர்வேனா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தொங்கினால் முதுகெலும்பின் வட்டுகள் கொஞ்சம் விரியும். நடமாடத் தொடங்கியதும் மறுபடி அமுங்கிவிடும். எலும்பு நீள்வது வேறு சங்கதி.

கை, கால் எலும்புகள் நடுவில் நீள்வதில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய அறிவியலாளர் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரண்டு துளைகள் போட்டுப் பார்த்தார். எலும்பு நீண்டது, துளைகளுக்கு இடையிலான தூரம் அப்படியே இருந்தது. வளர்ச்சி நடப்பது முனைகளை ஒட்டிய வளர்ச்சித் தட்டுகளில். இவை மெல்லிய குருத்தெலும்பு அடுக்குகள், சிறுவர்களின் எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாகத் தெரியும். கால் நீளத்தின் பெரும்பங்கு முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தட்டுகளின் உபயம்.

அந்தக் கோட்டுக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தட்டின் ஒரு ஓரத்தில் ஓய்வுச் செல்கள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் ஒன்று விழித்துக்கொண்டால் வரிசையாகப் பிரிந்து, அடுக்கிய நாணயங்கள்போலத் தட்டையான செல்களாலான தூணாகிறது. தூணின் மறுமுனைச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு உப்ப ஆரம்பிக்கின்றன, பல மடங்கு பெரிதாகின்றன. எலும்பு நீள்வதில் பெரும்பங்கு இந்த உப்பலுடையது! அப்புறம் சுற்றிலும் கால்சியம் படிகிறது, ரத்தக் குழாய்கள் நுழைகின்றன, அந்த இடம் எலும்பாகிறது. எலும்பு பின்னாலிருந்து துரத்துகிறது, குருத்தெலும்பு முன்னால் ஓடுகிறது. ஓட்டம் தொடரும்வரை உயரம் கூடும்.

ஆனால் ஓய்வுச் செல்களின் கையிருப்புக்கு ஓர் அளவு உண்டு. வயது ஏற ஏற அது கரைகிறது, பிரியும் வேகமும் குறைகிறது. பருவ வயதில், பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன் இந்தக் கரைதலை வேகப்படுத்துகிறது. தொடக்கத்தில் அதே ஹார்மோன் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி உயரத்தைச் சட்டென்று ஏற்றுவது வேடிக்கை. செல்கள் தீர்ந்ததும் எலும்பு துரத்திப் பிடித்துவிடுகிறது, தட்டு மூடுகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள், ஆண்களுக்கு 16 முதல் 18க்குள்.

ஆண்களுக்குமா ஈஸ்ட்ரோஜன்? ஆமாம். அவர்களுடைய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. 1994இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில் வரும் ஆணுக்கு 28 வயது, உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோனில் குறையில்லை, அவருடைய செல்களுக்கு ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அரோமட்டேஸ் இல்லாத ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது தட்டுகள் மூடிக்கொண்டன. அரிய நோய்களை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்த மனிதரைத்தான் காட்டுவேன். ‘உயரம் கூட்டும்’ பொடிகளுக்கு மக்கள் கொட்டும் காசு அங்கே போனால் தேவலை; மூடிய தட்டை எந்தப் பொடியும் திறக்காது.

மிகச் சீக்கிரம் பருவமடையும் குழந்தைகள் முதலில் வகுப்பிலேயே உயரமாக இருந்துவிட்டு, பிறகு குள்ளமாக நின்றுபோவதும் இதனால்தான். கையிருப்பு முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. தேவைப்படும் குழந்தைகளுக்குப் பருவ ஹார்மோன்களைச் சில ஆண்டுகள் அடக்கிவைக்கும் ஊசி போடுகிறார்கள். இடது கை எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பின் வயது எவ்வளவு முந்திவிட்டது என்று கணித்த பிறகே அந்த முடிவு.