இங்கிலாந்தில் புது வீடா? சுவர் அடியில் செங்கல்லை எண்ணிப் பாருங்கள்

இங்கிலாந்தில் புது வீடு வாங்கியவர்கள் ஒருமுறை வெளியே போய், பக்கவாட்டுச் சுவரின் அடியில் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து இரண்டு செங்கல் வரிசைக்கு மேல், சாந்துக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அதுதான் டி.பி.சி. மண்ணிலிருந்து ஓதம் ஏறாமல் தடுக்கும் பட்டை.

கட்டட ஒழுங்குவிதிகளில் சி2 என்ற பிரிவு, வீட்டையும் அதில் இருப்பவர்களையும் ஈரம் பாதிக்கக்கூடாது என்கிறது. சட்டம் கேட்பது அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்பதை ‘அப்ரூவ்டு டாக்குமென்ட் சி’ என்ற அரசு வழிகாட்டி விளக்குகிறது.

அதன்படி, டி.பி.சி. வெளித்தரைக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அங்கத்திய செங்கல் 65, சாந்து 10, ஆக ஒரு வரிசை 75. அதனால்தான் இரண்டு வரிசை. தரையில் விழுந்து தெறிக்கும் மழைத்தண்ணீர் பட்டைக்கு மேலே போய்விடக்கூடாதே!

அங்கே வெளிச்சுவர் பெரும்பாலும் இரட்டைச் சுவர். நடுவில் குறைந்தது 50 மி.மீ. இடைவெளி இருக்கும். வெளிப்பக்கச் சுவர் மழையில் ஊறத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் அதன் உட்புறமாக வழிந்து இடைவெளியின் அடிக்குப் போகும். கொத்தனார் கையிலிருந்து சிந்தும் சாந்தும் அங்கேதான் விழும். அது குவிந்து டி.பி.சி. மட்டத்தைத் தாண்டினால், ஈரம் அதன் வழியாகவே உள்சுவருக்குப் போய்விடும். அதனால் டி.பி.சி.க்குக் கீழே இடைவெளி இன்னும் 225 மி.மீ., அதாவது மூன்று வரிசை, இறங்க வேண்டும்.

அந்த ஆழம் கிடைக்காவிட்டால், தண்ணீரை வெளியே தள்ளும் கேவிட்டி ட்ரே வைத்து, 900 மி.மீ.க்கு ஒன்றாக வடிதுளை விட வேண்டும். நீளவாக்கில் நான்கு செங்கலுக்கு ஒன்று. எறும்பு வருகிறது என்று இந்தத் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. தண்ணீருக்கு வேறு வழி கிடையாது.

நன்றாகக் கட்டிய வீட்டையும் நாமே கெடுத்துவிடலாம். கார் நிறுத்தக் கல் பாவும்போதும், ரோஜாச் செடிக்குச் சுவரோரம் மண் கொட்டும்போதும் தரைமட்டம் உயரும், கறுப்புக் கோடு மறையும். அப்படியிருந்தால் மண்ணை வெட்டி எடுத்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்காகப் படி இல்லாமல் அமைத்த வாசலில் மட்டும் தரை உயர்ந்தே இருக்கும். அங்கே தண்ணீர் வடிய வாய்க்கால் போன்ற தனி ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு முடிந்தபின் அந்த 225 மி.மீ. யார் கண்ணிலும் படாது. கட்டும்போதே பில்டிங் கன்ட்ரோல் ஆய்வாளர் பார்க்க வேண்டியது அது. நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆனால் சான்றிதழ் இருப்பதால் மட்டும் குறையே இல்லை என்று ஆகிவிடாது.

சரி, பின்னால் ஓதம் வந்தால்? வழக்கமான புது வீட்டு உத்தரவாதத்தில் முதல் 2 ஆண்டு பில்டரே சரிசெய்ய வேண்டும். குடியிருக்கவே முடியாத அளவுக்குப் போனால், 1972ஆம் ஆண்டின் டிஃபெக்டிவ் பிரமிசஸ் சட்டப்படி வழக்குப் போடலாம். 2022 ஜூன் 28க்கு முன்பு கட்டி முடித்த வீட்டுக்கு, முடித்த நாளிலிருந்து 30 ஆண்டு அவகாசம். அதற்குப் பிறகு முடித்ததற்கு 15 ஆண்டு.