கடைசி வாங்கிலிருந்து தெரிய வேண்டும்

எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது அதன் ஒளி விழாத இடம், அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். ஞாயிறு பிரசங்கத்துக்குச் சிலைட் செய்கிறவர் எழுத்துருவைத் தேடுமுன் பார்க்க வேண்டியது அந்த ஜன்னலைத்தான்.

புரொஜெக்டர் வீசும் மொத்த ஒளியை லூமனில் அளப்பார்கள்; ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்தான் லக்ஸ். 3000 லூமன் ஒளி, 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள திரையில் பரவினால் 1000 லக்ஸ் கிடைக்கும். ஜன்னலால் 250 லக்ஸ் வந்து சேர்ந்தால் வெள்ளை 1250, ‘கறுப்பு’ 250. வேறுபாடு ஐந்து மடங்குதான். திரைச்சீலை போட்டு ஜன்னல் வெளிச்சத்தை 50 லக்ஸாகக் குறைத்தால் அதே புரொஜெக்டர் 21 மடங்கு காட்டும். புதிய புரொஜெக்டருக்குக் காணிக்கை சேர்க்குமுன் இதைச் செய்து பார்க்கலாம். இலங்கை மலையகத்தின் ஹற்றனிலோ தலவாக்கலையிலோ சனிக்கிழமை இரவுப் பாட்டுப் பயிற்சியில் பளிச்சென்றிருந்த சிலைட், மறுநாள் ஆராதனை நடுவில் பனிமூட்டம் விலகி வெயில் வந்ததும் வெளுத்துப்போகும். ஆராதனை நேரத்து வெளிச்சத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது எழுத்தின் உயரம். நல்ல பார்வையுள்ளவர் கண்பரிசோதனை அட்டையில் படிக்கும் மிகச் சிறிய எழுத்து, கண்ணில் 5 நிமிடக் கோணம் (ஒரு பாகையின் 12இல் ஒரு பங்கு) அமைக்கும். கடைசி வாங்கு 12 மீட்டர் தள்ளியிருந்தால் அது 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் அது ஆங்கில எழுத்துக்கான எல்லை. நம் ‘ன’வையும் ‘ண’வையும் பிரிப்பது ஒரேயொரு சுழி; படம் சற்று மங்கினாலும் அது அடைபட்டுவிடும். வயதானவர்களையும் நினைத்தால் 6 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பேன். எழுத்துகளின் மேல்விசிறியும் கீழ்விசிறியும் மோதாத இடைவெளி விட்டால் ஒரு சிலைட்டில் சில வரிகள்தான் வரும். அதுவும் அதிகம்.

ஏனென்றால், மௌனமாக வாசிக்கும்போதும் மனதுக்குள் ஒரு குரல் ஓடுகிறது. 1974இல் உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்ச்சும் முன்வைத்த செயல்நினைவு (சற்று நேரம் மனதில் வைத்துக்கொள்ளும் நினைவு) மாதிரியில், கேட்ட சொல்லும் வாசித்த சொல்லும் ஒரே சிறிய தடத்தில்தான் தங்குகின்றன. போதகர் பேசப் பேசத் திரையில் பந்தி பந்தியாக எழுத்து நின்றால் இரண்டும் அங்கே முட்டிக்கொள்ளும். பெரும்பாலும் திரைதான் வெல்லும். போதகர் பாதி வசனத்தில் இருக்கும்போதே சபை வாசித்து முடித்திருக்கும்.

படம் வேறு தடத்தில் போகிறது. அதிலும், தெரிந்த பொருளின் படம் மூளைக்கு அதிகச் சுமையில்லை. திராட்சைக்கொடியின் கிளை நறுக்கும் பகுதிக்கு இணையத்தில் எடுத்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டம் எதற்கு? கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியும், அதே மலையில் துளிர்விட்ட செடியும் போதும். கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு அங்கே விளக்கமே தேவைப்படாது.

பாட்டு வரிகளும் சேர்ந்து வாசிக்கும் வேதபகுதியும் விதிவிலக்கு; அங்கே கண்ணும் வாயும் ஒரே சொல்லில் இருக்கின்றன. மழையும் விதிவிலக்கு. தகரக் கூரையில் மழை கொட்டும்போது மெல்லிய மெய்யொலிகள் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அப்போது பிரசங்கத்தின் முக்கிய வாக்கியம் திரையில் நிற்பது பெரிய உதவி. அதனால் எழுத்துச் சிலைட் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். மழை விட்டதும் பவர்பொயின்டில் ‘B’ விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும்.