ஒரு விமானம் என்ன விலை என்று கேட்காதீர்கள்

மீண்டும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை என் மேசைக்கு வந்திருக்கிறது. சிறிய நாடு ஒன்று போர் விமானம் வாங்கப்போகிறது. நான்கு விமானங்கள் போட்டியில் இருக்கின்றன. உச்ச வேகம், பறக்கும் தூரம், சுமக்கும் ஏவுகணைகள், கடைசிக் கட்டத்தில் 'ஒன்றின் விலை'. உதிரி பாகம் என்ற சொல்லே அந்த ஆவணத்தில் இல்லை. போர் விமானங்களின் பராமரிப்பைத் திட்டமிடுவதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இத்தகைய அட்டவணைகளைத் திருத்தித் திருத்தி அனுப்பிப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த விலைக் கட்டம். ஒப்பந்தத் தொகையை விமானங்களின் எண்ணிக்கையால் வகுத்து 'ஒரு விமானம் இத்தனை கோடி' என்று தலைப்புப் போடும் பழக்கம் என்றைக்கு ஒழியுமோ தெரியவில்லை. பின்லாந்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்கள் 64 ஐத் தேர்ந்தெடுத்தது. விமானங்களுக்கு மட்டும் சுமார் 470 கோடி யூரோ. வான்வழி ஏவுகணைகளுக்கு 75 கோடி. பராமரிப்புக் கருவிகள், உதிரி பாகங்கள், பயிற்சி, 2030 வரையிலான பராமரிப்புச் சேவை எல்லாம் சேர்த்து 292 கோடி. முதல் தொகையை 64 ஆல் வகுத்தால் ஒரு விமானம் சுமார் 7.3 கோடி யூரோ. மூன்றையும் கூட்டி வகுத்தால் 13 கோடி. ஒரே நாடு, ஒரே விமானம், ஒரே நாளில் எடுத்த முடிவு. விலை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு! இரண்டில் எது 'உண்மை விலை' என்று கேட்கிறார்கள். இரண்டுமே உண்மை, இரண்டுமே ஒப்பீட்டுக்கு உதவாதவை. விமானக் கொட்டகைகளைக் கட்டவும் மாற்றியமைக்கவும் ஆகும் செலவு இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல், 'பக்கத்து நாடு பாதி விலைக்கு வாங்கியிருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இந்த விலை, நடுவில் தின்றது யார்' என்று நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுகிறது. ஊழல் நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் சிமுலேட்டரும் (தரையிலேயே பறக்கப் பழகும் கருவி) ஏவுகணையும் மாற்று இன்ஜினும் சேர்த்து வாங்கியிருப்பார்; மற்றவர் வெறும் விமானத்தை வாங்கியிருப்பார். அந்த வெறும் விமானத்தை வாங்கியவர் இரண்டு ஆண்டுகளில் அதே விற்பனையாளரிடம் போய் நிற்பார். அப்போது பேரம் பேச அவரிடம் எதுவும் இருக்காது.

வாங்கும் தொகை சிறியது. யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவதுதான் பாடு. எஃப்-35 விமானங்களைத் தன் படையில் ஆயுட்காலம் முழுவதும் பராமரிக்க அமெரிக்காவுக்கு ஆகும் செலவு 1.58 லட்சம் கோடி டாலர் என்று அந்நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகம் 2024 இல் சொன்னது. 2018 இல் அதே மதிப்பீடு 1.1 லட்சம் கோடியாக இருந்தது. அமெரிக்காவே திணறுகிற கணக்கு இது. பின்லாந்து இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனமாக நடந்தது: ஆண்டு இயக்கச் செலவு 25.4 கோடி யூரோவைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே வரம்பு கட்டியது. அந்த வரம்புக்குள் வராத விமானம் எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் அதற்குத் தேர்வில் இடமில்லை.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். விமானி அவசரத்தில் வெளியேறும் இருக்கையில் சிறு வெடிமருந்துக் குப்பிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் காலாவதி தேதி உண்டு. விமானம் பறந்ததா, கொட்டகையிலேயே நின்றதா என்பது அந்தத் தேதிக்குத் தெரியாது. தேதி முடிந்தால் விமானம் பறக்காமல் தரையிலேயே நிறுத்தப்படும், அவ்வளவுதான். புதிய குப்பியை உள்ளூரில் செய்ய முடியாது. அது வெடிபொருள் என்பதால் சாதாரணச் சரக்கைப் போல விமானத்தில் ஏற்றிவிடவும் முடியாது. விற்கும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். கைக்குள் அடங்குகிற ஒரு பொருள், பல கோடி மதிப்புள்ள விமானத்தை மாதக்கணக்கில் முடக்கிப்போடும். கிடங்குப் பொறுப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேர்வுக் குழுவில் அவர்களை யாரும் உட்காரவைப்பதில்லை.

மலேசியாவிடம் 18 சுகோய்-30 விமானங்கள் இருந்தன. 2018 இல் அவற்றில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாக அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். விமானம் மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. பராமரிப்புக் கணக்கு மோசமாக இருந்தது.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு விமானம் வாங்கினால் பன்னிரண்டும் பறக்கும் என்று நினைப்பவர்கள் அமைச்சரவையிலேயே இருக்கிறார்கள். சில பெரிய பராமரிப்பில் இருக்கும், சில திடீர்ப் பழுதில் நிற்கும், சில பயிற்சிக்குப் போகும். இரவும் பகலும் இரண்டு விமானங்களைத் தயார்நிலையில் வைக்க, மீதியில் பெரும்பகுதி அந்த இரண்டுக்காகவே உழைக்க வேண்டியிருக்கும். ஆள் பற்றாக்குறை என்றால் அதுவும் நடக்காது. 2014 பிப்ரவரி 17 அதிகாலை, ரோமுக்குப் போக வேண்டிய எத்தியோப்பியப் பயணிகள் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவுக்குக் கொண்டுவந்தார். துணைக்குப் பறந்தவை இத்தாலிய, பிரெஞ்சுப் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்தின் சொந்த விமானங்கள் எழவில்லை, ஏனென்றால் அவற்றின் பணி நேரம் காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். நல்ல விமானங்கள்தான், நல்ல விமானிகள்தான். முழுநாள் காவலுக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. 2020 இறுதியில்தான் அங்கே 24 மணி நேரக் காவல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அதே சுவிட்சர்லாந்து 2020 செப்டம்பரில் 600 கோடி பிராங்க் வரம்பில் புதிய விமானம் வாங்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. 50.1 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 36 எஃப்-35 விமானங்களுக்கு ஒப்பந்தமானது. நிலையான விலை என்று அரசு உறுதியாகச் சொல்லிவந்தது. 2025 ஜூனில், அமெரிக்கத் தரப்பு அதை 'தவறான புரிதல்' என்கிறது என்றும், கூடுதலாக 65 முதல் 130 கோடி டாலர் ஆகலாம் என்றும் அதே அரசு அறிவிக்க நேர்ந்தது. வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லாத பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

அடுத்து, எங்கே போனாலும் என்னிடம் கேட்கப்படும் 'ரகசியப் பொத்தான்'. விற்ற நாடு ஒரு பொத்தானை அழுத்தினால் நம் விமானம் வானிலேயே நின்றுவிடுமாமே? அன்பர்களே, பொத்தான் எதற்கு? உதிரி பாகத்தை நிறுத்தினால் போதாதா, மென்பொருள் புதுப்பிப்பைத் தாமதித்தால் போதாதா? 2018 இல் குரோஷியா இஸ்ரேலிடமிருந்து பழைய எஃப்-16 விமானங்கள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தது. விற்பவர் இஸ்ரேல், வாங்குபவர் குரோஷியா. ஆனால் இஸ்ரேல் அதில் செய்திருந்த மாற்றங்களோடு கைமாற்ற அமெரிக்கா ஒப்பவில்லை. 2019 ஜனவரியில் பேரம் முறிந்தது. பிறகு குரோஷியா பிரான்சின் பழைய ரஃபேல்களை வாங்கியது. துருக்கி எஃப்-35 திட்டத்தின் பங்காளி, அதற்குப் பாகங்களே செய்து கொடுத்த நாடு. ரஷ்யாவிடம் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியதும் 2019 ஜூலையில் திட்டத்திலிருந்தே விலக்கப்பட்டது. ஸ்வீடனின் கிரிப்பன்-இ வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: அதன் இன்ஜின் அமெரிக்க எஃப்414. தென் கொரியாவின் கேஎஃப்-21 இலும் அதுவே. சார்பு இல்லாத விமானம் என்று ஒரு சிறிய நாட்டுக்கு எதுவுமில்லை. யாரைச் சார்ந்திருக்கப் போகிறோம், அவரோடு முப்பது நாற்பது ஆண்டுகள் ஒத்துப்போக முடியுமா என்பதுதான் கேள்வி.

இன்னும் பிறக்காத போர் விமானத் திட்டங்களில் பங்குசேரத் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் கூட்டுத் திட்டத்தின் இலக்கு 2035. பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் திட்டம் 2040 ஐக் குறிவைத்துத் தொடங்கி, வேலைப் பங்கீட்டுச் சண்டையிலேயே காலத்தைக் கரைத்தது. கேஎஃப்-21 க்கு உருவாக்கச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 1.6 லட்சம் கோடி வோன் தருவதாக ஒப்புக்கொண்ட இந்தோனேசியா, தவணைகள் தேங்கி, கடைசியில் 60,000 கோடி வோனாகக் குறைத்துக்கொண்டது. தொழில்நுட்பப் பங்கும் அதற்கேற்பச் சுருங்கியது. இருக்கும் விமானங்கள் ஐந்து ஆண்டுகளில் ஓய்வுபெற வேண்டிய நாடு, வரைபடத்தில் இருக்கும் விமானத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

சிறிய நாடுகளுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1975 இல் பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே ஆகிய நான்கும் சேர்ந்து 348 எஃப்-16 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டன. தனித்தனியாகப் போயிருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள். சேர்ந்து போனதால் விமானம் பூட்டும் ஆலைகளே பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் வந்தன. பின்னாளில் மேம்பாட்டுச் செலவையும் பகிர்ந்துகொண்டார்கள். செக் குடியரசும் ஹங்கேரியும் தலா 14 கிரிப்பன்களைக் குத்தகைக்கு எடுத்தன. பால்டிக் நாடுகள் 2004 முதல் நேட்டோ தோழர்களின் காவலை ஏற்றுக்கொண்டன. நியூசிலாந்து 2001 இல் போர் விமானப் பிரிவையே கலைத்தது. இவை எல்லாமே யோசித்து எடுத்த முடிவுகள். போர் விமானம் இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களே, விலைப்புள்ளி கேட்கும்போதே முப்பது ஆண்டுச் செலவைக் கேளுங்கள். தர மறுப்பவரை வெளியே அனுப்புங்கள். ஒரு மணி நேரப் பறப்புக்கு என்ன ஆகும் என்று சொன்னால், அதில் இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. டாலர் ஏறினால் யார் தலையில் விழும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் ஏற்பாடு செய்யும் கண்காட்சிப் பறப்புக்குப் போகாதீர்கள். அதே விமானத்தைப் பத்து ஆண்டுகளாக ஓட்டிவரும் உங்கள் அளவுள்ள நாட்டுக்குப் போங்கள். அங்கே தளபதியைப் பார்த்தபின், உதிரி பாகக் கிடங்குக்குப் போய், கேட்டு அனுப்பிய பொருள் வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கிடங்குப் பொறுப்பாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.