அயனிக் கோபுரத்துக்கு முன்பணம் கட்டும் முன்

போன வாரம் மழை வரவழைப்பதாகச் சொல்லும் கோபுரத்துக்கான இன்னொரு ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது. ராமநாதபுரம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழுவின் பொருளாளர் கொண்டுவந்திருந்தார். "மழை பெய்யலேன்னா மீதிக் காசே வேணாம்ங்கிறாங்க சார், நமக்கு என்ன நட்டம்?" என்றார். இதே கேள்வியை இதே நம்பிக்கையோடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விற்கப்படுவது ஒரு கோபுரம். உச்சியில் குடைபோல் விரித்த கம்பிகள், அவற்றில் உயர் மின்னழுத்தம். கம்பியிலிருந்து கிளம்பும் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள், தூசியில் ஒட்டி மேலே போய், மேகத்துளிகளைச் சேர்த்து மழையாக்கும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

அந்த ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் பாருங்கள். இயந்திரம் ஓடும் காலம் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. கோபுரத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் எங்கே "எந்த அளவு மழை" பதிவானாலும் அது வெற்றி. அளக்கும் மழைமானியும் அவர்களுடையதே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி கொட்டும் மூன்று மாதங்கள் அவை! 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று எண்ணும். இங்கே நாலு தூறல் போட்டாலே தவணை கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் ஒரு தூறல்கூட விழாத வட்டாரம் எது? நட்டம் எங்கே என்று கேட்டவருக்கு இந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

"கோபுரம் போட்டாங்க, பெஞ்சுது சார், நானே பார்த்தேன்" என்கிறார்கள் சிலர். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெய்தது உண்மைதான். போடாமல் இருந்தால் பெய்திருக்காது என்பது எப்படித் தெரியும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நாம்தான் இந்த இடத்தில் ஏமாறுகிறோம்.

அபுதாபியின் அல் ஐன் பகுதியில் 2010 கோடையில் ஒரு சுவிஸ் நிறுவனம் இப்படிப்பட்ட கோபுரங்களை நிறுத்தி, 52 முறை மழை வரவழைத்ததாக அறிவித்தது. 2011 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகளெல்லாம் 'பாலைவனத்தில் செயற்கை மழை' என்று எழுதின. அந்தச் செய்தியின் நறுக்குதான் இன்றும் விற்பனைத் தாள்களில் வருகிறது. அல் ஐனுக்குப் பக்கத்திலேயே ஹஜர் மலைத்தொடர் இருக்கிறது. கோடைப் பிற்பகல்களில் அந்த மலைமேல் காற்று மேலெழும்பி, மேகம் திரண்டு, இடியோடு மழை பெய்வது அங்கே இயற்கை. அப்படியிருக்க 52-ல் எத்தனை மலையால் வந்தது, எத்தனை கம்பியால் வந்தது? கோபுரத்தை நிறுத்திவைத்த நாட்களின் கணக்கை எதிரே வைக்காமல் அதைச் சொல்லவே முடியாது. உலக வானிலை அமைப்பின் நிபுணர் குழு அயனி முறைகளையும், வானை நோக்கி வெடித்து ஆலங்கட்டி மழையைத் தடுப்பதாகச் சொல்லப்படும் ஆலங்கட்டி பீரங்கிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இவற்றுக்கு உறுதியான அறிவியல் அடிப்படை இல்லை, சந்தேகத்தோடு அணுகுங்கள் என்றது.

ஆஸ்திரேலியாவின் மவுண்ட் லாஃப்டி மலைகளிலும், பிறகு ஓமானிலும், இத்தகைய அயனிக் கருவிகளை எந்த நாளில் இயக்குவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து சோதித்தார்கள். முறை சரியானது. ஆனால் அங்கே கிடைத்ததாக அந்த முயற்சிக்காரர்களே சொன்ன கூடுதல் மழை 10, 20 சதவீதத்தை ஒட்டித்தான். நம் வடகிழக்குப் பருவமழை 2015-ல் இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல், அடுத்த ஆண்டே 62 சதவீதம் குறைவு. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்துக்குள் ஒரே ஒரு பருவத்தை வைத்துக்கொண்டு 10 சதவீதத்தை யாரால் பிரித்துக் காட்ட முடியும்? என்னால் முடியாது. காட்ட முடியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இயற்பியல் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒன்று. அயனிமேல் நேரடியாக நீர் படிய வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் செறிவுநிலையைப்போல், அதாவது காற்று வழக்கமாகத் தாங்கும் முழு ஈரத்தைப்போல், நான்கு மடங்கு வேண்டும். கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் உண்டாக்கும் மேக அறை என்ற கருவியில் வில்சன் என்ற இயற்பியலாளர் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டது இது. உண்மையான மேகத்தில் ஈரப்பதம் செறிவுநிலையை ஒரு சதவீதம் தாண்டுவதே அரிது. அதற்காக மின்னூட்டத்துக்கும் மேகத்துளிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் அமீரகத்தின் நிதியில் இதை நேர்மையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அது ஆராய்ச்சி. உங்கள் மானாவாரி நிலத்தின் பேரில் வாங்கும் கடனுக்கு அது உத்தரவாதம் ஆகாது. மேகமே இல்லாத வானத்திலிருந்து மழையை இறக்கும் கருவி உலகில் எங்கும் இல்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்யவே 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அது காற்றில் வந்தாக வேண்டும்.

ஆள் வந்து நின்றால் முதலில் கேளுங்கள்: "நிறுத்திவைத்த நாட்களின் மழைக்கணக்கு எங்கே?" இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். மழைமானி உங்களுடையதாக இருக்கட்டும். சுவர், மரத்திலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். கூரை ஓரத்தில் வைத்து எடுத்த கணக்கைப் பெருமையாகக் காட்டுகிறார்கள், பார்க்கவே கோபம் வருகிறது. தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். ஊர்ப் பொதுப்பணம் என்றால் கூட்டம் போடாமல் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மழை வரும் என்று நம்பிப் பயிர்க் காப்பீட்டுக் கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அடுத்த தவணையைக் கட்டும் முன், அதே நாளில் 50, 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசு மழைமானிகளில் எவ்வளவு பதிவானது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கேயும் அதே அளவு பெய்திருந்தால், அந்தத் தாளை இணைத்து, தவணையை நிறுத்திவைப்பதாகப் பதிவுத்தபாலில் எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் நகலை ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். கோபுரம் வயலில் நிற்கும்வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அதன் வேலிப்பக்கம் விடாதீர்கள். கம்பியில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.